ஒட்டின்மேல் ஒரு சிவப்புக் கோடு

கோவை சிட்கோ தொழிற்பேட்டையில், பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பெல்ட்டுகளை ஒட்டும் பட்டறை ஒன்றை நடத்திவந்தார் மங்கையர்க்கரசி. அவரிடம் தொழில் கற்க வந்தவர் நூருல்லா. வயதில் ஆசிரியையைவிட மூத்தவர். முன்பு ரஃபு வேலை பார்த்தவர். பட்டுச் சேலையில் விழுந்த கிழிசலை, அதை உடுத்துபவளே தேடிச் சலிக்கும்படி இழையோட்டிக் கொடுத்தவர்.

அன்று அவர் கையில் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெல்ட் இருந்தது. ஆறிய ரொட்டிகளைச் சுமந்து செல்லும், உட்புறம் பற்கள் கொண்ட பெல்ட். மறுநாள் கொண்டுபோய் மாட்டவேண்டும். நூருல்லா இதுவரை எந்த ஆலைக்கும் தனியே போனதில்லை. இந்த முறையாவது ஆசிரியை தம்மை நம்பித் தனியே அனுப்புவாரா என்பதே காலையிலிருந்து அவருடைய நினைப்பாக இருந்தது.

ஆகவே வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பெல்ட்டின் இரு முனைகளையும் விரல்களைப் போல வெட்டினார். ஒரு முனையின் விரல்களை மறுமுனையின் இடைவெளிகளில் பொருத்தி, சூட்டு அச்சில் வைத்து அழுத்தினார். பாலியூரித்தேன் உருகி ஒன்றாயிற்று. நன்றாக ஆறும்வரை அச்சைத் திறக்கவில்லை. பிதுங்கி நின்ற பிசிறைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்தார். அவர் கற்றது அவ்வளவுதான். ஆனால் ரஃபுக்காரரின் கை நிற்கவில்லை. இன்னும் மெல்லிய தாளை எடுத்து, ஒட்டின் சுவடே மறையும்வரை தேய்த்தது.

பட்டறையே கூடிவிட்டது. ஒட்டைக் கண்டுபிடிப்பவருக்குத் தேநீர் என்று பந்தயம் கட்டினார்கள். ஒருவருக்கும் தேநீர் கிடைக்கவில்லை. பாய் ஒட்டவே மறந்துவிட்டு, முழு பெல்ட்டை எங்கிருந்தோ கொண்டுவந்து காட்டுகிறார் என்று ஒருவர் கேலி பேசினார். நூருல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மங்கையர்க்கரசி வந்து பெல்ட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். விரலால் தடவினார். தமக்கும் பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

"நாளைக்கு நான் தனியாப் போகலாங்களா, அம்மா?"

"தாராளமாப் போங்க பாய். ஒட்டு எங்க இருக்குன்னு மட்டும் காட்டிட்டுப் போங்க."

நூருல்லா பெல்ட்டை எடுத்தார். சுற்றினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மறுபடியும் சுற்றினார். பந்தயம் கட்டியவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் வேலைக்குத் திரும்பினார்கள். அதுவே அவருக்குப் பெரிய உபகாரமாகப் பட்டது. கடைசியில் கண்களை மூடிக்கொண்டு, பெல்ட்டைச் சாண் சாணாக வளைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் வளைவு சற்றே மாறியது.

"இங்கதானுங்க."

மங்கையர்க்கரசி சிவப்பு மார்க்கரை நீட்டி, அந்த இடத்தில் கோடு போடச் சொன்னார்.

நூருல்லாவின் முகம் வாடியது.

"வேலையில தப்பு இருக்குங்களா?"

"இல்ல."

"அப்புறம் கோடு எதுக்கு? அது தெரியக்கூடாதுன்னுதானே இவ்வளவு பாடுபட்டேன்."

ஆசிரியை, வெட்டிப்போட்ட துண்டு ஒன்றைக் கீழிருந்து எடுத்து, வெட்டிய பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஓடும் எஃகு இழைகளின் முனைகள் புள்ளிபுள்ளியாக மின்னின.

"அச்சுல உருகிச் சேந்தது எது பாய்?"

"பாலியூரித்தேன்."

"இந்தக் கம்பி?"

"அது எங்க உருகுது? வெட்டுனது வெட்டுனபடியே நிக்கும்."

"அப்ப அந்த இடத்துல சுமையை இழுக்கிறது யாரு?"

நூருல்லா யோசித்தார்.

"பக்கத்துக் கம்பி. இடையில இருக்கிற பாலியூரித்தேன் வாங்கி வாங்கி அதுகிட்டக் கொடுக்குது."

"கொடுக்கும். வருஷக்கணக்காக் கொடுக்கும். களைக்கிறதா இருந்தா, முதல்ல அங்கதான் களைக்கும். ஆலைக்காரன் முதல்ல பாக்க வேண்டியதும் அங்கதான்."

நூருல்லா துண்டை வாங்கி, அந்தப் புள்ளிகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மார்க்கரின் மூடியைக் கழற்றினார்.

"எவ்வளவு தடிமனாப் போடட்டுங்க?"

"பெல்ட் ஓடிக்கிட்டிருக்கும்போதே, ஆலையில ஏதோ சத்தம் கேட்டுப் பதறி ஓடி வர்றவன் கண்ணுல படற அளவுக்கு."