வியர்த்த சுவரின் வழக்கு

முன்னொரு காலத்தில், வெயிலும் மழையும்கூடத் தன் அனுமதி பெற்றே நாட்டுக்குள் நுழையவேண்டும் என்று எண்ணிய ஒரு மன்னன் மருதவேலியை ஆண்டுவந்தான். கீர்த்திவளவன் என்பது அவன் பெயர். அவனுக்காகக் கொத்தன் பூவராகன், சுண்ணச்சாந்து பூசிய குளிர்ந்த பள்ளியறை ஒன்றைக் கட்டினான். மன்னன் அவனை அவையிலேயே புகழ்ந்தான். அலங்கார அதிகாரி விசாகதரருக்கு அது பொறுக்கவில்லை.

“வேந்தே, சுண்ணாம்பு ஏழைகளின் பூச்சு. நான் அரக்குப் பூசித் தருகிறேன். காற்றும் நுழையாது; தங்கள் திருமுகமும் சுவரில் தெரியும்.”

திருமுகம் என்றதும் மன்னன் மயங்கிவிட்டான்.

உள்ளும் புறமும் அரக்கு பூசப்பட்டது. ஒரு திங்கள் கழிந்தது. சுவர் வியர்த்தது, அந்த ஈரத்தில் விளக்குப் புகை படிந்து கரியாக வழிந்தது, மன்னன் இருமத் தொடங்கினான்.

“சாந்தில் உப்பைக் கலந்திருக்கிறான் இந்தப் பூவராகன்!” என்றார் விசாகதரர்.

மன்னன் பூவராகனை அழைத்தான். “நாளை உச்சிப்பொழுதுக்குள் நீ குற்றமற்றவன் என்று மெய்ப்பி. இல்லையேல் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறு.”

மறுநாள் காலை பூவராகன், கழுத்துமுதல் கால்வரை மூடும் மெழுகுத்துணி அங்கி ஒன்றோடு வந்து விசாகதரரிடம் நீட்டினான்.

“ஐயா, இது தங்கள் அரக்குக்குத் தம்பி. மழைத்துளிகூட உள்ளே புகாது. இதை அணிந்து முற்றத்து வெயிலில் ஒரு நாழிகை நில்லுங்கள். உலர்ந்தபடி வெளியே வந்தால் குற்றம் என்னுடையதே.”

“மேகமே இல்லாத வானத்தின்கீழ் நனைவேனா? அடே, மூட்டை முடிச்சைக் கட்டிவைத்துவிட்டுத்தானே வந்தாய்?” என்று சிரித்தபடி விசாகதரர் அங்கிக்குள் புகுந்தார்.

கால் நாழிகையில் சிரிப்பு நின்றது. அரை நாழிகையில் முகம் சிவந்தது. அங்கியைக் கழற்றியபோது, குளத்திலிருந்து எழுந்தவர்போல் நின்றார். மன்னன் அவருடைய பட்டு மேலாடையைப் பிழிந்து பார்த்தான், நீர் சொட்டியது.

“இவர்மேல் தண்ணீர் ஊற்றியவன் எவன்?”

“எவனும் ஊற்றவில்லை, அரசே. உடம்பின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்றுவிட்டது. பள்ளியறையிலும் இதே கதைதான். தங்கள் மூச்சின் ஈரமும் அங்கே தெளிக்கும் பன்னீரின் ஈரமும் அங்கேயே தங்குகின்றன. சுண்ணச்சாந்து அவற்றைக் குடித்து, வெயில் ஏற ஏற வெளியே விட்டுவிடும். அரக்கோ அதன் வாயை அடைத்துவிட்டது.”

“வேந்தே, இன்று வெயில் சற்று அதிகம்...” என்று இழுத்தார் விசாகதரர்.

“உம் சுவர்மேல் மட்டும் நிலவா காய்ந்தது?” என்றான் மன்னன். அவை அதிர்ந்து சிரித்தது. “அரக்கு முழுவதையும் உம் கையாலேயே சுரண்டும்!”

பத்தே நாளில் சுவர் உலர்ந்தது; இருமலும் போயிற்று. மன்னன் பூவராகனை அரண்மனைக் கட்டடத் தலைவனாக்கி, “வேறென்ன வேண்டும்? கேள்” என்றான்.

“நான் கட்டும் சுவரில் என்னைக் கேளாமல் எவரும் கைவைக்கக் கூடாது.”

“எவரும் என்றால்... நானுமா?”

“தாங்களும்தான், அரசே.”

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்து, அப்படியே ஆணையோலை எழுதச் செய்து, அதில் தன் முத்திரையைத் தானே பதித்தான்.