கவிழ்த்த பானைக்கு அடியில் ஒரு காலடி

வானத்தில் மூன்று நிலா காய்ந்த காலம் அது. அப்போது களிமேடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஆதித் தாய் ஈரம்மை. கேளுங்கள், இது அவள் கதை.

ஈரம்மைக்கு ஒரு மாயம் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ஒருவருடைய காலடித் தடத்தில் ஒரு கை நீர் ஊற்றிப் பெயரைச் சொன்னால், அவர் எங்கே இருந்தாலும் கால் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடும். ஆனால் அவள் ஆயுளுக்கு மூன்று தடவைதான் பலிக்கும். அப்படியும் களிமேட்டில் யார் பயணம் கிளம்பினாலும், வாசல் சேற்றில் பதிந்த காலடியைப் பானையால் கவிழ்த்து மூடிவைப்பார்கள். தங்களுக்கும் ஒரு தடவை கிடைக்காதா என்ற ஆசைதான். தேடிப் போகும் பழக்கமே அங்கே இல்லாமல் போயிற்று.

முதல் தடவை, காட்டில் வழி தவறிய அரசகுமாரனை வரவழைத்தாள். இரண்டாம் தடவை, அண்டை வீட்டுக்காரியின் நச்சரிப்பு தாங்காமல், கல்யாணத்தன்று ஓடிப்போன மாப்பிள்ளையை வரவழைத்தாள். கால்தான் வந்தது. அவன் முகம் சாகிறவரை கோணலாகவே இருந்தது. எவ்வளவு பெரிய மாயம், எதற்குப் போயிற்று பாருங்கள்.

மூன்றாம் தடவையை அவள் வெகுகாலம் யாருக்கும் தரவில்லை.

அவளுக்கு ஒரே மகள், தும்பை. ஆற்றங்கரை ஊர்ப் பரிசல்காரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். தாய் மறுத்தாள். மகள் வாசலில் இறங்கினாள்.

"போடி போ. உன் காலை இழுத்துட்டு வர எனக்கு ஒரு கை தண்ணி போதும்."

"இழுக்காதம்மா. என்னைப் பாக்கணும்னா நீ வா," என்று சொல்லிவிட்டுத் தும்பை போய்விட்டாள்.

ஈரம்மை அந்தக் காலடியை மூடிவைத்தாள். மகளை நினைக்காத நாள் இல்லை. தினமும் பானையைத் தூக்கிப் பார்ப்பாள். ஐந்து விரலும் அப்படியே இருக்கும். நீர் ஊற்றக் கை போகும், மாப்பிள்ளையின் கோணல் முகம் நினைவுக்கு வரும், கை திரும்பிவிடும். அவளாக வரட்டும் என்பாள். தானே போகலாம் என்று ஓரிரு முறை தோன்றியது, வீம்பு விடவில்லை. பன்னிரண்டு வருஷம் போயிற்று.

ஒருநாள் குயவன் மனைவி வஞ்சி ஓடிவந்தாள். அவளுடைய ஆறு வயது மகளைச் சதுப்புக் காட்டில் காணவில்லை.

"உங்களுக்கும் ஒருத்தி இருக்கான்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறேன் தாயே," என்றாள்.

ஈரம்மை அழுதாள். அழுதுகொண்டே போய், வஞ்சி வீட்டு வாசலில் இருந்த சின்னக் காலடியில் நீரை ஊற்றிப் பெயரைச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் குழந்தை சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தது.

இனி மகளை அழைக்க வழியில்லை. போக மட்டும்தான் வழி. விடிந்ததும் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நடந்தாள். ஆற்றங்கரை ஊர் மூன்று நாள் நடைதான்.

தும்பை வாசலில் உட்கார்ந்திருந்தாள். தாயைக் கண்டும் எழுந்து வரவில்லை. கிட்டே போன பிறகுதான் ஈரம்மைக்குத் தெரிந்தது. மகளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வந்த வருஷமே ஆற்று முதலை கொண்டுபோய்விட்டது. பானைக்கு அடியில் இருந்ததும் வலது காலடிதான்; நீர் ஊற்றியிருந்தாலும் திரும்பி வர அந்தக் கால் இல்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?"

"நீ வான்னு சொல்லிட்டுத்தானேம்மா வந்தேன். தினமும் இந்தப் பாதையையே பாத்துட்டு இருந்தேன்," என்றாள் தும்பை.

பிரிந்தவர் வரவில்லையே என்று ஏங்குகிறவர், தாமே எழுந்து போக வேண்டும்.