முதலாளியின் ஊதுபத்தி

இதை எனக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டுக் கமலவேணி, போன ஆடி வெள்ளியில், கோயில் வரிசையில் நின்றபோது.

அவள் வீட்டுக்காரர் மாசிலாமணி, ஒரு ரைஸ்மில் முதலாளியின் டிரைவர். முதலாளியின் பழைய காருக்கான ஏ.சி. கேஸ் இப்போது கிடைப்பதில்லை.

“ஏ.சி.க்குச் சமையல் கேஸை ஏத்திட்டு வாடா, அதுவும் குளிரும். நாளைக்குப் பேத்தி வர்றா. முடியாதுன்னா சாவியை வச்சுட்டுப் போ” என்றார் முதலாளி, ஆட்கள் முன்னால்.

மாசிலாமணி கைகட்டிக்கொண்டு சொன்னார்: “ஏத்திட்டு வரேங்க. வந்ததும் நீங்களே உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியை ஏத்திட்டு, தினமும் போல கார்ல இருக்கிற பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்திடுங்க. அப்புறம் பாப்பாவை ஏத்திக்கலாம்.”

முதலாளி, ஊதுபத்திக்காகத் தன் கையில் வைத்திருந்த தீப்பெட்டியைப் பார்த்தார்.

“கேஸ் கசிஞ்சு பத்திக்கிட்டா?”

“குளிரும்னு நீங்கதானே சொன்னீங்க, ஐயா.”

மறுநாள் பேத்தி ஜன்னல் காற்றில்தான் வந்தாள். அடுத்த வாரம் இப்போது கிடைக்கிற ஏ.சி. கேஸுக்குத் தகுந்தபடி குழாய்களை மாற்றி, அதையே ஏற்றினார்கள்.

உங்கள் வண்டி ஏ.சி.க்கு என்ன கேஸ் ஏற்றுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அம்மா.