பயத்தோடு பேசியவள்

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லம். பூங்கோதை அங்கே பல ஆண்டுகளாக இருந்தாள். அதற்கு முன் வாணியம்பாடியில் கணக்கு டீச்சர்.

இல்லத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்று தெரிந்தது. நரம்பைப் போர்த்தியிருக்கும் உறை அங்கங்கே அழிந்துபோகும் நோய். ஒருநாள் கண் மங்கும். ஒருநாள் கை மரத்துப்போகும். தலை குனிந்தால் முதுகுத்தண்டில் மின்சாரம் இறங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

சித்திரைக் கூட்டத்தில் இந்த முறை அவள்தான் பேச வேண்டும் என்று குரு சொல்லியிருந்தார். குரு அவளைவிட வயதில் இளையவர். அந்த மேடையில் அதுவரை அவரைத் தவிர யாரும் பேசியதில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் மதியம் அவள் குருவின் அறைக்கு வந்தாள்.

“சாமி, கால்ல தண்ணி ஓடுது.”

குரு பார்த்தார். கால் உலர்ந்திருந்தது.

“எந்தக் கால்?”

“இடது கால். முழங்கால்லேர்ந்து பாதம் வரைக்கும். தொட்டுப் பாத்தா ஒண்ணுமில்ல. ஆனா ஓடுது.”

“சில்லுன்னு இருக்கா, வெதுவெதுப்பா இருக்கா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“சில்லுன்னு. கதிரேசன்கிட்ட சொன்னேன் சாமி. உடம்பே பொய், அதையெல்லாம் பாக்காதீங்கக்கான்னார்.”

கதிரேசன் இல்லத்தின் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் சீடர். குரு தன் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“முதல்ல டாக்டர்கிட்ட பேசுங்க. அப்புறம் என்கிட்ட.”

அவள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

“வெயில்ல பழைய பாதிப்பு இப்படித் தலைகாட்டுமாம். குளிர்ச்சியா இருக்கச் சொன்னாங்க. நாளைக்கும் விடாம இருந்தா உடனே வரணுமாம்.”

“நல்லது.”

அவள் போகவில்லை.

“டாக்டர் சொன்னது புரியுது சாமி. பயம்தான் போகல.”

“அவங்க காலுக்குப் பதில் சொன்னாங்க. உங்க பயம் என்ன கேக்குது?”

“அடுத்தது எதுன்னு கேக்குது. கண்ணா, கையா, நடையான்னு.”

“உங்களுக்குப் பதில் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாதும்மா.”

குரு ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொடுத்தார். அவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சற்று நேரம் இருவரும் மூச்சைக் கவனித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

“தண்ணி?” என்று கேட்டார் குரு.

“கொறஞ்சிருக்கு.”

“பயம்?”

“அப்படியேதான் இருக்கு. நாளைக்கு என்னை விட்டுடுங்க சாமி. பயம் போனப்புறம் பேசறேன். பயந்துகிட்டு இருக்கறவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உபதேசம் பண்றது?”

குரு கதிரேசனைக் கூப்பிட்டார்.

“நாளைக்குக் கூட்டத்தக் காலையிலேயே வெச்சிடுவோம். வெயில் ஏறறதுக்குள்ள முடியணும். மேடையில ஒரு நாற்காலி போடுங்க.”

“மேடையில பாய்தானே சாமி வழக்கம்?”

“நாளைக்கு நாற்காலி.”

மறுநாள் காலை காலில் தண்ணீர் நின்றிருந்தது. பயம் நிற்கவில்லை. பூங்கோதை கைத்தடியை ஊன்றி மேடை ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். குரு கீழே, கூட்டத்தோடு கூட்டமாகப் பாயில் இருந்தார்.

மூச்சைக் கவனிப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாள். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு வாக்கியத்தின் பாதியில் நிறுத்தினாள். கை விலாவுக்குப் போனது. கூட்டத்தில் சலசலப்பு. கதிரேசன் தண்ணீர் செம்போடு எழுந்தார். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“ஒரு நிமிஷம். விலாவச் சுத்தி பெல்ட் போட்டு இறுக்கற மாதிரி இருக்கு. என் நோய்ல இது உண்டு. முன்னாடியும் வந்திருக்கு. விட்டுடும். எனக்குப் பயமாவும் இருக்கு. விட்டதும் பேசறேன்.”

அவள் கண்ணை மூடவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தே இருந்தாள். இறுக்கம் தளர்ந்ததும் விட்ட வாக்கியத்தை விட்ட சொல்லிலிருந்தே எடுத்து முடித்தாள்.

பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுந்தார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. இத்தனை வருஷம் தியானம் பண்ணியும் பயம் போகலையா?”

“போகல.”

“இப்பவும் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப எங்களுக்கு என்னத்தச் சொல்லித் தரப்போறீங்க?”

அவள் பதிலைத் தேடவில்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

“பயம் இருந்தும் இங்க வந்து உக்காந்தேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் ஐயா.”

குரலில் நடுக்கமில்லை. இன்ஸ்பெக்டருக்கு அது போதவில்லை. குருவின் பக்கம் திரும்பினார்.

“சாமி, நீங்களே சொல்லுங்க. பயம் விடாத ஒருத்தங்கள ஏன் உங்க எடத்துல உக்கார வெச்சீங்க?”

குரு பாயிலிருந்து எழுந்தார். அவர் முகத்தில் அன்று இருந்த பெருமிதத்தைக் கதிரேசன் அதற்கு முன் பார்த்ததில்லை.

“பயமே இல்லாதவங்க நிறைய பேர் பேசிக் கேட்டிருக்கேன். என் பயத்த அவங்ககிட்ட நான் ஒருநாளும் சொன்னதில்ல. இந்தம்மாகிட்ட சொல்லுவேன்.”