மேட்டுப் பாத்தியும் முற்றத்துத் தண்ணீரும்

மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஒரு ஊரில், பாறைமலை அடிவாரத்தில் ஒரு மடம் இருந்ததாம். மடத்தை நடத்தியவர் மரகதவல்லி அம்மை. முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் வைத்தியலிங்கம். அவருக்கு அம்மையின் அப்பா வயசு. அரிசி மண்டியை மகன்களிடம் விட்டுவிட்டு வந்த மனுஷர்.

சாமிக்குப் பூ கொடுப்பது அவர் பொறுப்பு. அந்த மடத்தில் பூவை வெளியில் வாங்குவதில்லை. உள்ளே பூத்தால்தான் சாமிக்கு. இல்லையென்றால் அன்றைக்கு வெறும் வில்வம். கிணற்றுத் தண்ணீரோ குடிக்கவும் சமைக்கவும் அபிஷேகத்துக்கும் மட்டும்தான்.

போன பங்குனியில் அவர் போட்ட பூப்பாத்தி காய்ந்தது. அதற்கு முந்தின பங்குனியிலும் காய்ந்தது. கோடை முழுக்கச் சாமி பூவில்லாமல் நின்றதைப் பார்த்து வைத்தியலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் மறுபடி நட்டிருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் வானம் கறுத்து வந்தது. அவர் அம்மையிடம் போய் நின்றார்.

"தாயே, பங்குனி வந்தா தினம் ரெண்டு குடம் கிணத்துத் தண்ணி உத்தரவு கொடுங்க. வேற எதுவும் கேக்கல."

"மழை வருது, வாங்கய்யா," என்று அம்மை முற்றத்தில் இறங்கினார்.

வைத்தியலிங்கம் குடையை எடுத்தார்.

"அது எதுக்கு? வச்சிட்டு வாங்க."

இருவரும் நனைந்துகொண்டே பாத்திக்குப் போனார்கள். முற்றத்தை ஒட்டிய சின்ன மேடு அது. மேட்டடியைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்தியலிங்கம் கரை கட்டியிருந்தார். முற்றத்திலிருந்து ஓடிவந்த தண்ணீர் கரையில் முட்டி, ஒதுங்கி, கீழே போய்க்கொண்டிருந்தது.

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. "மண்டியில மூட்டை நனையாமக் காத்த பழக்கம். செடியையும் அப்படியே காக்குறீங்க."

வைத்தியலிங்கத்தின் முகம் சுருங்கியது.

அம்மை தண்ணீரின் பின்னாலேயே நடந்தார். அது கிழக்கு மதிலோரப் பள்ளத்தில் போய் நின்றது. கோடையிலும் அங்கே புல் பச்சையாகக் கிடக்கும், வைத்தியலிங்கமும் பார்த்ததுதான்.

"உங்க பாத்திக்கு எவ்வளவு மழை கிடைக்குது?"

"பாத்தி அகலத்துக்குத்தான் தாயே."

"இந்தப் பள்ளத்துக்கு?"

வைத்தியலிங்கம் அண்ணாந்து பார்த்தார். பாறையில் வழிந்தது, ஓட்டில் வழிந்தது, முற்றத்தில் விழுந்தது எல்லாம் இங்கேதான் வந்துகொண்டிருந்தது.

"மலை அகலத்துக்கு," என்றார்.

"நந்தியாவட்டையை இங்க இறக்குங்க. மல்லிக்குத் தண்ணி தேங்கினா ஆகாது, அது சரிவுல இருக்கட்டும். அரளியை மேட்டுலயே விடுங்க, அது தாக்குப்பிடிக்கும்."

அவர் நகரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா?"

"இடம் தெரியாம இல்ல தாயே. தெரிஞ்சுதான் மேட்டுக்குப் போனேன். முற்றத்துல ஊர் ஜனம் பூரா நடக்குது. சந்தைக்குப் போன கால், சாணி மிதிச்ச கால். அதையெல்லாம் கழுவிட்டு வர்ற தண்ணி இது. இதுல பூத்ததை எப்படிச் சாமி தலையில வைக்கிறது?"

மழை வலுத்தது. அம்மை முகத்தை வழித்துக்கொண்டார்.

"காலையில தீர்த்தம் வாங்கினீங்களா?"

"வாங்காம இருப்பேனா?"

"அது எந்தத் தண்ணி?"

"அபிஷேகத் தண்ணி. சாமி பாதத்துல விழுந்து வர்றது."

"கால் பட்ட தண்ணின்னு நீங்க ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னதில்ல. சாமி மட்டும் வேண்டாம்னு சொல்வார்னு யார் சொன்னா?"

அம்மை மடத்துக்குள் போய்விட்டார்.

வைத்தியலிங்கம் அந்தக் கலங்கல் தண்ணீரில் கணுக்கால் மூழ்க நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரைக் கல்லைப் பிரித்து நந்தியாவட்டையை இறக்க மேட்டைப் பார்த்து நடந்தார்.