நீவாடு போகும் பக்கம்

“என்னால முடியல பாவா. தீவை விட்டு எறங்கிடலாம்னு இருக்கேன்” என்றான் தொம்மை.

ஊரை ஒட்டிய மணல்மேட்டில் தனியாக வாழும் பக்கிரி அசனார் பாவா, குடிசை வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

தொம்மை ஒரு தீவுக்குக் காவல். தீவைச் சுற்றியுள்ள பாரில், அதாவது பவளப்பாறைத் திட்டில், களவாய் மீன்கள் கூடிச் சினை விடும். அங்கே இனி வலை போடுவதில்லை என்று அவன் ஊரார் கோயிலில் சத்தியம் செய்திருந்தார்கள். காவலுக்கு யார் என்று கேட்டபோது எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். பெண்டாட்டி செத்தவன், பிள்ளையில்லாதவன், எங்கே இருந்தால் என்ன? ஊர் இப்படித்தான் நியாயம் பேசும்.

வருஷங்கள் போயின. தாய்மீன்கள் பெருத்தன. குஞ்சு மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கடலில் கரைத்த பெருங்காயம் என்று ஊர் முதலில் சிரித்தது. பிறகு, குஞ்சுகளை அவனே பிடித்து விற்றுவிட்டான் என்றது. அதுதான் அவனைத் தைத்தது.

“அங்க பேச ஆளில்ல பாவா. அதைக்கூடத் தாங்கிக்குவேன். எதுக்கு இருக்கேன்னு தெரிய வேணாமா?”

அவன் இறங்கினால் மறுநாளே அங்கே வலை இறங்கும். அது இருவருக்கும் தெரியும். இப்போது ஊரில் திருவிழா. கொடி இறங்கும்வரை ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள்.

“சினை எப்ப விடும்?”

“இன்னைக்குச் சாயங்காலம்.”

பாவா கைகழுவிவிட்டு எழுந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் பாருக்கு மேலே படகில் இருந்தார்கள். கீழே மீன்கள் சோடி சோடியாக மேலெழுந்தன. தண்ணீர் கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கியது.

பாவா நங்கூரத்தைத் தூக்கினார். துடுப்புகளை உள்ளே போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“எங்க போறோம்?”

“தெரியாது. நீவாட்டுக்குத் தெரியும்.”

நீரோட்டத்தை அந்தக் கரையில் நீவாடு என்பார்கள். அதற்கு எதிராகத் துடுப்புப் போட்டே வளர்ந்தவன் தொம்மை. மிதக்கும் சினையோடு அதன் போக்கிலேயே சும்மா போனது அதுதான் முதல்தடவை. தீவு பின்னால் சிறுத்து மறைந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. அந்த மணல்திட்டின் மேல் தனக்குப் பிரியம் உண்டென்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

விடிந்தது, இருட்டியது, மறுபடி விடிந்தது. படகு ஒரு கழிமுகத்தில் தட்டி நின்றது.

முழங்கால் தண்ணீரில் கடற்புல் அடர்ந்து கிடந்தது. புல்லுக்குள் எங்கு பார்த்தாலும் விரல் நீளக் களவாய்க் குஞ்சுகள். போன வருஷத்துச் சினை.

தொம்மை தண்ணீருக்குள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

கரையில் பிலோமி என்ற பெண் கொசுவலையால் அரித்த குஞ்சுகளை மணலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய களவாயை இந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை என்றாள். குஞ்சு மட்டும் வருஷம் தவறாமல் வருகிறதாம்.

“எங்கேர்ந்து வருது?” என்றான் தொம்மை.

“மாதா குடுக்குறா. வேற யாரு?”

அவன் காய்ந்துகொண்டிருந்த குஞ்சுகளைப் பார்த்தான். ஆத்திரம் பொங்கியது. “அங்க நான் ஒத்தையா உக்காந்து காத்தது இதுக்குத்தானா பாவா?”

பாவா பிலோமியிடம் திரும்பினார்.

“இந்தக் கழிமுகத்துல ஒரு குடிசை போட்டுக்கட்டுமா தாயி?”

“வலை போடாதேன்னு சொல்லுவீங்களோ?”

“சொல்லுவேன்.”

“கேக்க மாட்டோமே.”

“தினமும் சொல்லுவேன்.”

அவள் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். பாவா படகிலிருந்து தன் போர்வையை எடுத்து மணலில் வைத்தார். அவர் திரும்பி வரப்போவதில்லை என்பது அப்போதுதான் தொம்மைக்கு உறைத்தது. கேள்வி கேட்க அவனுக்கு இருந்தது உலகத்தில் இந்த ஒரு மனிதர்தான்.

“உங்கள நான் இனி எப்பப் பாக்க?”

“பாக்க முடியாது. ஆனா நீ அங்க இருக்கியா இல்லையான்னு வருஷா வருஷம் எனக்கு இங்க தெரிஞ்சுடும்.”

“நீங்க இருக்கீங்களான்னு எனக்கு?”

“தெரியாது” என்றார் பாவா.

தொம்மை படகை நீவாட்டுக்கு எதிரே திருப்பினான்.