தம்பிக்கு வைத்த பூட்டு

"அம்மா, எந்தப் பூட்டைப் போட்டாலும் திறந்துடறா."

மலையேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் இளம்பரிதி சொல்லிவிட்டான்.

பூரணி அம்மா வாழைக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சிறுமலையில் அவருக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு. அவரிடம் தியானம் கற்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். இளம்பரிதியும் மூத்தவன்தான். கீழே திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை.

"யாரு?"

"என் பொண்ணுதான். நிறைமதி. பன்னெண்டு வயசு."

"என்ன பூட்டு?"

"இன்டர்நெட்டுக்குத்தான்மா. வைஃபைக்கு நேரம் வெச்சேன். பக்கத்து வீட்டு வைஃபைல சேர்ந்துட்டா. போன்ல தடை போட்டேன். டிவி வழியா போயிட்டா. டிவியில அதெல்லாம் பார்க்க முடியும்னு எனக்கே தெரியாது. போன வாரம்தான் கண்டுபிடிச்சேன். வேற வயசு போட்டு ஒரு அக்கவுன்ட் வெச்சிருக்கா. அதுல அவளுக்கு இருபத்தாறு."

பூரணி அம்மா சிரித்தார்.

இளம்பரிதி சிரிக்கவில்லை.

"இப்ப புதுசா ஒரு ஆப் வாங்கலாம்னு இருக்கேன். வீட்ல இருக்கிற எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பூட்டு. அவ என்ன பார்க்கிறா, யாருக்கு என்ன எழுதறா, எல்லாம் என் போனுக்கு வந்துடும். ஆனா மனசு ஒப்பலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வாங்கிடுவேன்."

"எதுக்குப் பூட்டு?"

"பயமா இருக்கும்மா."

"அவளுக்கா?"



அம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க. பிள்ளைங்களையும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். பையில் லேப்டாப், போன், பழைய டேப்லெட். டிவியை மட்டும் தூக்கி வர முடியவில்லை. பின்னால் நிறைமதி, உதட்டைக் கடித்துக்கொண்டு. அவள் கையைப் பிடித்தபடி தம்பி செழியன். ஆறு வயது.

அம்மா பையை வாங்கிக் கவிழ்த்தார். டேப்லெட்டை மட்டும் எடுத்தார்.

"இது யாருக்கு?"

"செழியனுக்குக் கொடுக்கலாம்னு இருக்கோம். ஸ்கூல்ல கேக்கறாங்க."

அம்மா அதை நிறைமதியிடம் நீட்டினார்.

"தம்பிக்கு இதுல என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாது. நீயே வை."

இளம்பரிதி பதறிப்போனான்.

"அம்மா! இவ கையிலயா?"

"நீங்க அந்தச் சுவரோரம் உக்காருங்க. அவ முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

உட்கார்ந்தான்.

செழியன் முற்றத்தில் எறும்பு பார்க்கப் போய்விட்டான்.

நிறைமதி டேப்லெட்டைத் தொடவில்லை. இரண்டு பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இது என்ன தண்டனை என்று அவளுக்குப் புரியவில்லை.

"நிஜமாவா?"

"நிஜமா."

மெல்லத் திறந்தாள். முதலில் ஒரு விளையாட்டுக்குள் போனாள். அதில் பேசிக்கொள்ளும் வசதியை அணைத்தாள்.

"அது ஏம்மா?" பூரணி அம்மா கேட்டார்.

"இதுல யார் வேணா வந்து பேசலாம். முதல்ல உன் வயசு என்னன்னு கேப்பாங்க. அப்புறம் விளையாட்டுல நிறைய காசு தருவாங்க. சும்மாவே தருவாங்க. ரொம்ப நல்லவங்க மாதிரி பேசுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் போட்டோ கேப்பாங்க."

இளம்பரிதி எழுந்துவிட்டான். அம்மா அவனைப் பார்க்காமலே கையைக் காட்டினார். உட்கார்ந்தான்.

நிறைமதி குனிந்த தலை நிமிரவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒரு வீடியோ முடிந்தால் தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்தினாள்.

"இது இருந்தா அவனால நிறுத்த முடியாது. என்னாலயே முடியல."

எங்கே இருக்கிறோம் என்று காட்டுவதை நிறுத்தினாள். தேடினால் வரக்கூடாதவற்றைத் தடுத்தாள். தெரியாதவர்கள் அழைக்க முடியாதபடி செய்தாள். நேரம் வைக்கும் இடத்தில் விரல் நின்றது.

"அரை மணி நேரம்னு வெச்சா பாதி ரயில்ல நின்னுடும். செழியன் ரயில் வீடியோதான் பார்ப்பான். பாதியில நின்னா அழுவான். அதுக்கு டைம் வைக்க வேணாம். யாராவது பக்கத்துல உக்காந்து, இந்த ரயில் போனதும் போதும்னு சொன்னா கேட்டுப்பான்."

பெரியவர்கள் பேசுகிற விஷயம் போல அதைச் சொன்னாள்.

இளம்பரிதி அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வேலைக்காகவே சம்பளம் வாங்குகிறவன் அவன். எந்த அமைப்பில் எந்தப் பொத்தான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவன் பார்த்ததில்லை. இவள் பார்த்திருக்கிறாள்.

எழுதுவதையெல்லாம் பெற்றோருக்கு அனுப்பும் வசதி வந்தது. நிறைமதி அதைத் தாண்டிப் போனாள்.

அவனால் பொறுக்க முடியவில்லை.

"அதை ஏன்மா விட்டுட்டே?"

"இது இருந்தா இதுல எழுத மாட்டான்பா. வேற எங்கயாவது போய் எழுதுவான்."



எல்லாம் முடிந்தபிறகும் நிறைமதி டேப்லெட்டைக் கீழே வைக்கவில்லை. முதலிலிருந்து மறுபடி ஒவ்வொரு பக்கமாகத் திறந்தாள். மூடினாள். எதையோ தேடினாள்.

"என்ன கண்ணு தேடற?"

"இவ்வளவும் வெச்சாலும் ஏதாவது ஒண்ணு வந்துடும். வரும். அப்ப இவன் பயந்துட்டா யார்கிட்ட சொல்லணும்னு வைக்கிற இடம் எங்க இருக்குன்னு பார்க்கிறேன்."

வெளியே மேகம் இறங்கி முற்றத்தைக் கடந்து போனது. எறும்போடு பேசிக்கொண்டிருந்த செழியனின் குரல் மட்டும் கேட்டது.

"மதி." இளம்பரிதியின் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "போட்டோ கேட்டாங்கன்னு சொன்னியே. உன்கிட்டயா?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

"எப்போ?"

"லீவுல."

"அனுப்பினியா?"

"இல்லப்பா. அனுப்பலைன்னா, நீ பொய் வயசு போட்டிருக்கறதை உங்க வீட்ல சொல்லிடுவேன்னு சொன்னாங்க. ரொம்ப நேரம் யோசிச்சேன். பாத்ரூம்ல கதவைச் சாத்திட்டு அழுதேன். அப்புறம் அவங்களை பிளாக் பண்ணிட்டேன். தினமும் யாராவது கதவைத் தட்டினா அவங்கதான்னு நினைப்பேன்."

"ஏன்டா அப்பாகிட்ட சொல்லல?"

நிறைமதி ஆச்சரியமாக அவனைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல்.

"சொன்னா நான் பூட்டைத் திறந்தது தெரிஞ்சிடும்ல."

இளம்பரிதி சுவரில் சாய்ந்தான்.

லீவு முழுக்க அவன் வீட்டில்தான் இருந்தான். ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். இவள் தோசைக்குச் சட்னி கேட்டாள். அந்த நாட்களில்தான், அவன் போய்ப் பார்த்திராத அத்தனை பெரிய காட்டுக்குள் தனியாகப் போயிருக்கிறாள். அங்கே ஒன்று வழிமறித்திருக்கிறது. தனியாகவே அதை எதிர்த்து நின்று, தனியாகவே திரும்பி வந்திருக்கிறாள். வந்து சட்னி கேட்டிருக்கிறாள்.

பன்னிரண்டு வயது.

எதிரில் உட்கார்ந்திருப்பவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். நெற்றியில் ஒட்டியிருந்த முடி. கடித்த நகம். இவள் எப்போது இத்தனை பெரியவள் ஆனாள்? இத்தனை சின்னவளாகவே இருக்கும்போது?

அவள் அந்தப் பார்வையைத் தவறாகப் புரிந்துகொண்டாள். கண் கலங்கியது.

"திட்டுவீங்களாப்பா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். மறுபடியும் ஆட்டினான். சுவரோரத்திலிருந்து தவழ்வதுபோல நகர்ந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"போனைப் பிடுங்கிடுவீங்களா?"

"இல்லம்மா."

"நிஜமா?"

"நிஜமா."

நிறைமதி அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இமை கொட்டாமல் பார்த்தாள். பிறகு டேப்லெட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ இன்னொண்ணு இருக்குப்பா. சொல்லட்டுமா?"

பூரணி அம்மா சத்தமில்லாமல் எழுந்து, எறும்பு பார்க்கப் போனார்.